சிட்டாவில் என் அம்மா இல்லை

பல்லடத்துக்கும் சூலூருக்கும் நடுவே எங்கள் ஊர். மூன்றரை ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, அதற்குள் ஒரு போர். ஏழு வருடங்களுக்கு முன் அப்பா இறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தைப் பார்ப்பது அம்மா மட்டும்தான். அப்பா இருந்தபோதும் பெரும்பாலும் அம்மாதான் பார்த்தார் என்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மனு கொடுக்க அம்மாவோடு நானும் போனேன். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம், சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு விவசாயி சான்று என்று எல்லாவற்றுக்கும் ஒரு மஞ்சள் பை. அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். முதல் கேள்வி, "ஊட்டுக்காரரு வரலீங்களாம்மா?" இரண்டாவது கேள்வி சிட்டாவைப் பார்த்த பிறகு வந்தது. "இது உங்க மாமனாரு பேருல இருக்குதுங்களே. பாகம் ஆகலீங்களா? கொழுந்தனாரக் கூட்டியாந்து ஒரு சம்மதக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்."

சித்தப்பா கையெழுத்துப் போடவில்லை. "இன்னைக்குப் பைப்புக்குப் போட்டா நாளைக்குப் பாகத்துக்குக் கேப்பீங்க" என்றார். அவர் கணக்கு அவருக்குச் சரி. அம்மா இரண்டு கோடையாகத் தென்னங்கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த தோட்டத்துக்காரர் கோயமுத்தூரில் கடை வைத்திருக்கிறார். தோட்டத்துக்கு அவர் வருவது பொங்கலுக்கும் இளநீர் வெட்டுக்கும். அவர் பெயரில் சிட்டா இருக்கிறது. ஆகவே சொட்டுநீர்க் குழாய் வந்தது. சாளைத் திண்ணையில் சுருட்டிய நிலையில் இன்னும் கிடக்கிறது.

அந்த அலுவலர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவருக்கு முன்னால் இருந்த விண்ணப்பத்தில் 'மண்ணைக் காப்பவர் யார்' என்று ஒரு கட்டம் இல்லை. 'நிலம் யாருடையது' என்ற கட்டம்தான் இருந்தது. நம் அரசின் மண்வளம், நீர்வளம் காக்கும் திட்டங்கள் எல்லாமே இந்த ஒரு கட்டத்தின்மேல் கட்டப்பட்டவை. மண்ணைக் காக்கிறோம் என்று சொல்லி அவை காப்பது நிலத்துக்கு உரிமையாளனான ஆணை. இதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் வேலையைப் பார்ப்போம். மண்ணைக் காப்பது என்றால் என்ன? வெடியால எழுந்து கட்டுத்தாரை கூட்டி, சாணி அள்ளி, எருக்குழியில் போட்டு, மாதக்கணக்கில் மக்கவிட்டு, கூடை கூடையாகச் சுமந்து காட்டில் இறைப்பது. மழை பெய்து வரப்பு உடைந்தால் உடனே போய் மண் அணைப்பது. கொழிஞ்சியும் சணப்பையும் விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுவது. தென்னை மட்டையையும் சோகையையும் எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் போடுவது. காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பாருங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை குறைந்த மேட்டு நிலத்தில் மண் பறந்துபோகாமல் நிற்க எந்தத் துறையும் சொல்லித்தராத ஏற்பாடு அது. அந்தக் காட்டில் மாட்டை மேய்த்து, புல்லை அளவாகத் தின்னவிட்டு அடுத்த காட்டுக்கு மாற்றி, வேலிச் சந்தை முள் வைத்து அடைத்ததில் பெண்களின் பங்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இவற்றில் பெரும்பகுதி பெண்கள் செய்யும் வேலை. ஆனால் ஊரில் அதற்குப் பெயர் 'கூடமாட ஒத்தாசை'. உழவு ஆணுடையது, ஏனென்றால் அதற்கு மாடும் டிராக்டரும் வேண்டும். களையும் எருவும் வரப்பும் ஒத்தாசை. ஒத்தாசைக்கு மானியம் கிடையாது.

இனித் திட்டங்களைப் பார்ப்போம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கேட்க அருமையாக இருக்கிறது. சிறு விவசாயி என்பதற்கு அடையாளம் வட்டாட்சியர் தரும் சான்று. சான்றுக்கு அடிப்படை பட்டா. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் வருடம் 6,000 ரூபாய்க்கும் நிலப் பதிவேடுதான் வாசல். ஏரி குளத்து வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக் காட்டில் கொட்டிக்கொள்ளவும் நில ஆவணம் காட்ட வேண்டும். இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துவோராகப் பதிவானவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. மீதியெல்லாம் ஆண் பெயர். அப்படியானால் 'நிலப் பதிவேடு அடிப்படையில்' என்று அரசாணையில் எழுதும்போதே யார் உள்ளே, யார் வெளியே என்று எழுதியாகிவிட்டது. 'ஆண்களுக்கு மட்டும்' என்று தனியாக எழுத வேண்டிய தேவையே இல்லை.

தண்ணீரிலும் இதே கதைதான். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 'நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை' உண்டாக்கியது. பெயரைப் பாருங்கள், பயன்படுத்துவோர். உறுப்பினராகத் தகுதி யாருக்கு? ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவருக்கு. வாய்க்காலில் துணி துவைக்கிறவள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவள், மடையில் இறங்கி நடவு நடுகிறவள் யாரும் சட்டத்தின் கண்ணில் தண்ணீரைப் பயன்படுத்துவோர் அல்ல. 2017-ல் குடிமராமத்து திரும்ப வந்தபோது வேலை ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம்தான் போனது. 'குடி' என்றால் ஆயக்கட்டுதாரர், ஆயக்கட்டுதாரர் என்றால் பட்டாதாரர், பட்டாதாரர் என்றால் ஆண்.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடுவதா வேண்டாமா என்று ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு பக்கம். கசிவு நின்றால் கிணறுகள் வற்றும், மரங்கள் சாகும் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் நான் போன கூட்டங்களில் மேடையில் இருந்தவர்கள் எல்லாம் பச்சைத் துண்டு போட்ட ஆண்கள். கிணறு வற்றினால் பாசனக்காரர் இன்னொரு போர் போடுவார். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கல் தொலைவு நடக்கப்போவது யார்? அந்தக் கேள்வி இரண்டு பக்க மனுவிலும் நான் பார்க்கவில்லை.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரால் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். மூன்று தலைமுறைக் கனவு, நானும் மகிழ்ந்தேன். ஆனால் குளத்தில் நிற்கும் தண்ணீர் எங்கே போகிறது? நிலத்தடிக்கு. நிலத்தடி நீர் யாருடையது? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டக் காலத்திலிருந்தே அது மேலே உள்ள நிலத்துக்காரனுடையது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2003-ல் ஒரு சட்டம் போட்டது. 2013-ல் அதையும் நீக்கியது. ஆகவே பொதுப்பணத்தில் நிரம்பும் குளத்தின் தண்ணீர் எவருடைய போர் அதிக ஆழமோ அவருக்குப் போகும். ஆயிரம் அடிக்குப் போர் போட ஒரு விதவையிடம் காசு இருக்குமா? கடன் கேட்டால் பிணை என்ன? மறுபடியும் பட்டா.

இதுவரை எழுதியது என் அம்மாவின் கதை. இதோடு நிறுத்தினால் பாதிப் பொய் சொன்னவளாவேன். நான் நிலம் வைத்திருக்கும் சாதியில் பிறந்தவள். எங்கள் தோட்டத்தின் மேற்கு வரப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் நூறு நாள் வேலையில் கட்டினார்கள். கட்டியவர்கள் அருந்ததியர் தெருப் பெண்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை என்று விதித்தது. தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள். இந்த மாநிலத்தின் பண்ணைக் குட்டைகள், வரப்புகள், தூர்வாரிய குளங்கள் பலவற்றில் மண் சுமந்தது அவர்கள் தலை. சட்டம் தனியார் நிலத்திலும் வேலை செய்ய இடம் தந்தது: தலித், பழங்குடிக் குடும்பங்கள், பெண் தலைமையிலான குடும்பங்கள், சிறு குறு விவசாயிகள் நிலத்தில். நல்ல பட்டியல். ஆனால் நிலமே இல்லாத தலித் பெண்ணுக்கு எந்த நிலத்தில் குட்டை வெட்டுவது? கடைசியில் அவள் வெட்டியது எங்கள் நிலத்தில்.

வரப்புக் கட்டிய அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "நாங்க போட்ட வரப்புலதானுங்க மழத்தண்ணி நிக்குது. அதே வரப்புல ஆட்டுக்கு ரெண்டு கை புல்லறுத்தா, ஆரக் கேட்டு அறுத்தீன்னு சத்தம் போடறாங்க." சத்தம் போட்டவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் அம்மாவின் பெயரும் வந்திருக்கலாம்.

ஆகவே 'பெண் விவசாயி' என்று சொல்லி நிறுத்தினால் போதாது. என் அம்மாவுக்குப் பட்டா இல்லை. அந்த அக்காவுக்கு நிலமே இல்லை. இரண்டும் ஒன்றல்ல. என் அம்மாவிடமிருந்து குடும்பம் பறித்ததை அந்த அக்காவிடமிருந்து சாதி பல தலைமுறைகளாகப் பறித்திருக்கிறது. 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். இப்போது தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில், நிலமற்ற தலித் பெண் கூலிகள் நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. வரவேற்கிறேன். ஆனால் கோவை, திருப்பூர்ப் பக்கம் நிலம் சென்ட் கணக்கில் விற்கிறது. 5 லட்சத்துக்கு இங்கே எத்தனை சென்ட் என்று திட்டம் போட்டவர்கள் ஒரு நிலத் தரகரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் இல்லை. மண் பாதுகாப்பு என்றதும் உலகம் உதாரணம் காட்டுவது 1930-களின் அமெரிக்காவை. புழுதிப் புயலில் வயல்கள் பறந்தன. 1935-ல் மண் பாதுகாப்புக்கென்றே சட்டமும் ஒரு துறையும் வந்தன. அதற்கு முன்பே, 1933-ன் வேளாண் சட்டப்படி, பயிரைக் குறைத்து நிலத்தைச் சும்மா விட அரசு பணம் கொடுத்தது. பணம் நிலவுடைமையாளர் கைக்குப் போனது. தென் மாநிலப் பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுதவர்களை, கறுப்பர்கள் வெள்ளையர்கள் இரு தரப்பிலும், உடைமையாளர்கள் வெளியேற்றினார்கள். 1934-ல் ஆர்கன்சாஸில் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கம் பிறந்தது அந்த வயிற்றெரிச்சலில்தான். நில உரிமையாளன் வழியாக மட்டும் பணத்தை அனுப்பினால் உழைப்பவர் வெளியே தள்ளப்படுவார் என்பது தொண்ணூறு வருடம் முன்பே தெரிந்த பாடம்.

என்னிடம் எதிர்வாதம் சொல்பவர்கள் நிறைய. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"யார் பேருல வந்தா என்னம்மா, குடும்பத்துக்குத்தான வருது?" குடும்பத்துக்கு வந்தது எப்படிப் பிரிகிறது என்று பார்க்காதவர்கள் கேட்கும் கேள்வி இது. அப்பா இருந்தவரை எங்கள் வீட்டிலும் அது குடும்பத்துக்குத்தான் வந்தது. அவர் போன மறுநாள் அது அவருடைய தம்பியின் கையெழுத்தாகிவிட்டது. கணவன் செத்ததும், விட்டுப்போனதும், அடித்துத் துரத்தியதும் காணாமல் போகும் உரிமைக்குப் பெயர் உரிமையா?

"நிறையப் பேரு பொம்பளைங்க பேருலதான் மானியமே வாங்கறாங்க." உண்மைதான், எனக்கும் தெரியும். ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் முழு மானியம் கிடையாது என்பதால் மனைவி பெயருக்குக் கொஞ்சம் எழுதிவைப்பார்கள். புகைப்படத்துக்கு அவள் வந்து நிற்பாள். வங்கிப் புத்தகம் அவனுடைய சட்டைப் பையில் இருக்கும். காகிதத்தில் அவள் பெயர் இருக்கிறது, அந்தப் பணத்தில் அவளுக்குச் சொல் இல்லை.

"கமிட்டியிலெல்லாம் பெண்களுக்கு இடம் உண்டே." 2008-ன் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு வழிகாட்டி நெறிகளின்படி, நீர்வடிப்பகுதிக் குழுவில் பாதிப்பேர் சுய உதவிக் குழு, பயனாளிக் குழு, தலித், பழங்குடி, பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஆனால் அதே நெறிகள் வேலையைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். வரப்பும் குட்டையும் தடுப்பணையும் நிலம் உள்ளவர்களுக்கு. சொத்தில்லாதவர்களுக்கு 'வாழ்வாதாரம்', அதாவது ஆடு, கோழி, சுழல்நிதிக் கடன். ஆடு வாங்கக் கடன் கொடுத்துவிட்டு மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு அடைத்தால் ஆடு எங்கே மேயும்?

"பதிவு இல்லாம குடுத்தா ஊரெல்லாம் மோசடி பண்ணுவாங்க." கடைக்காரரின் திண்ணையில் குழாய் சுருண்டு கிடக்கிறதே, அது என்ன? பட்டா மோசடியைத் தடுக்கவில்லை, யார் மோசடி செய்யலாம் என்பதைத்தான் தீர்மானித்தது. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். சூளைகள் 2021-ல் மூடப்படும்வரை ஆண்டுக்கணக்கில் அது நடந்தது. அந்த மண்ணைக் காக்க எந்தச் சிட்டாவும் வரவில்லை.

பட்டா இல்லாமல் விவசாயியை அடையாளம் காண வழியே இல்லை என்பதும் பொய். 2007-ன் தேசிய விவசாயிகள் கொள்கை, குத்தகைதாரரையும் கூலியையும் சேர்த்தே விவசாயி என்றது. எம்.எஸ். சுவாமிநாதன் 2012 மே மாதம் மாநிலங்களவையில் பெண் விவசாயிகள் உரிமை மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேளாண் வேலை செய்யும் பெண்ணுக்கு ஊராட்சி சான்று தரட்டும், அந்தச் சான்று கடனுக்கும் மானியத்துக்கும் செல்லட்டும் என்பது அதன் சாரம். அவர் பதவிக்காலம் 2013-ல் முடிந்தது, மசோதாவும் செத்தது. ஒடிசா 2019-ல் காலியா திட்டத்தில் பங்குக் குத்தகைதாரரையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்தது. முடியாது என்பதல்ல, மனம் இல்லை.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதை முன்னெடுத்த பெரியார் எங்கள் கொங்கு மண்ணின் ஈரோட்டுக்காரர். அறுபது ஆண்டு கழித்து 1989-ல் தமிழ்நாடு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் தந்தது. அன்றைக்குத் தகப்பன் உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். நான் முதுகலை படித்தவள்.

அப்பா இறந்த வருடமே சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். "உனக்குத்தான் நகை போட்டுச் சீர் செஞ்சாச்சே அம்மிணி, பொறந்த ஊடு வேணுமா, நெலம் வேணுமா?" என்று கேட்டார்கள். பிறந்த வீடு வேண்டும் என்று போட்டேன். எனக்கு முன்னால் என் அத்தை போட்டார், அவருக்கு முன்னால் அவருடைய அத்தை. அம்மா மனுவோடு அலைந்தபோது, பாகம் பிரிக்கக் கேட்பதற்குக் கூட நின்றிருக்கக்கூடிய ஒரே பங்காளி நான்தான். அந்த இடத்தை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா என்னைக் கேட்டது ஒன்றுதான்: "படிச்ச புள்ள நீ, என்ன எழுதியிருக்குதுன்னு எனக்கொரு வார்த்த படிச்சுக் காட்டியிருக்கலாமல்லோ கண்ணு?"

நான் கேட்பவை புரட்சி அல்ல, நாளைக்கே செய்யக்கூடியவை. பயிர் செய்பவர் யார் என்று கிராம சபை தரும் சான்றை எல்லா மண், நீர்த் திட்டங்களுக்கும் ஏற்றுக்கொள்ளுங்கள்; அடங்கலில் அந்தப் பெயரை ஏற்றுங்கள். கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி மறுத்தால் நிலத்தில் நிற்கிறவளின் மனுவை நிறுத்தாதீர்கள். பொதுப்பணம் ஒரு குடும்பத்தின் நிலத்தில் இறங்கும்போது மனைவியின் பெயரையும் சேர்ப்பதை நிபந்தனை ஆக்குங்கள். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நீரைப் பயன்படுத்துவோரைச் சேருங்கள். கூலிக்கு வெட்டப்பட்ட குட்டையிலும் வரப்பிலும் புல்லுக்கும் மீனுக்கும் வெட்டியவளுக்கு உரிமை எழுதுங்கள். விடுதலைப் பத்திரம் எழுதும் பெண்ணிடம், அவள் விட்டுக்கொடுக்கும் பங்கின் சந்தை மதிப்பைப் பதிவாளர் வாய்விட்டுப் படித்துச் சொல்லட்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை. தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் உங்கள் வீட்டு நிலத்தின் சிட்டாவை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை பெண் பெயர் என்று எண்ணுங்கள். உங்கள் தெருவில் நிலமே இல்லாதவர்கள் யார் என்றும் எண்ணுங்கள், உங்கள் வீட்டு வரப்பைப் போட்டது யார் என்று விசாரியுங்கள். பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தத் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். யாராவது பேனாவை நீட்டி ஒரு கையெழுத்துதான் என்று சொன்னால் போடாதீர்கள்.